கைராசிக்கும் மீன் சாவதற்கும் சம்பந்தமில்லை

கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர்கள் மூவரோடு பீளமேட்டில் வாடகை வீட்டில் இருக்கிறார். நான்கு லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் கிண்ணம் வாங்கி இரண்டு கோல்டுஃபிஷ் விட்டார். ஆறாம் நாள் இரண்டும் செத்துவிட்டன. கிண்ணத்தையும் கற்களையும் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, மறுபடியும் இரண்டு விட்டார். அவையும் ஒரு வாரம் தாங்கவில்லை. மூன்றாம் முறை வாங்கிய ஒற்றை ஃபைட்டர் மீன் இரண்டு மாதமாக உயிரோடு இருக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதை என்ன செய்வது, அதற்குத் தன்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்கிறார். கடைசியில், "உனக்குக் கைராசி இல்லை, வாயில்லா ஜீவனைக் கொன்று பாவம் சேர்க்காதே என்று அம்மா சொல்கிறார், அது சரியா?" என்றும் எழுதியிருக்கிறார்.

கேள்விகள் பலவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். "குறைவில்லாமல் கவனித்தேனே, பிறகும் ஏன் செத்தன? நான் மீன் வளர்க்கலாமா, கூடாதா?" வளர்க்கலாம், தம்பி. உங்கள் மீன்கள் கவனிப்பு இல்லாமல் சாகவில்லை. நீங்கள் அக்கறை என்று நினைத்துச் செய்த ஒரு காரியம்தான், பெரும்பாலும், அவற்றைக் கொன்றது. அது என்ன என்று தெரிந்துகொண்டால் இனி நடக்காது.

நான் மீன்வள அறிவியல் படித்தவன். 18 ஆண்டுகளாகச் சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் குஞ்சு பொரிக்கும் தொழில் செய்கிறேன். உங்கள் தண்ணீரை நான் சோதிக்கவில்லை, செத்த மீனைப் பார்க்கவும் இல்லை. அதனால் இந்த நான்கு மீன்களும் இன்ன காரணத்தால்தான் செத்தன என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புதுக் கிண்ணம், கோல்டுஃபிஷ், ஐந்தாறு நாளில் சாவு என்ற வரிசையை வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பத்தில் ஒன்பது பேர் வீட்டில் காரணம் ஒன்றே.

மீன் கழிவு என்றதும் கிண்ணத்தின் அடியில் கிடக்கும் எச்சம்தான் நம் கண்ணுக்குப் படும். மீன் வெளியேற்றும் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகக் கரைந்து போகிறது. அதற்கு நிறமில்லை. தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கும்போதே அது மீனைக் கொல்லும் அளவை எட்டிவிடலாம். குளத்திலும் ஆற்றிலும் இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான். அது இரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுப்பதால் செவுள் காப்பிப்பொடி நிறமாகிவிடும். நைட்ரேட்டின் கடுமை மிகக் குறைவு, வாரம் ஒரு முறை தண்ணீரில் ஒரு பங்கை மாற்றினால் அது கட்டுக்குள் நிற்கும். இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் கண்ணாடியிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வளர்பவை, மிதந்து திரிபவை குறைவு. புதுத் தொட்டியில் அவை போதிய அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

உங்கள் கிண்ணத்தில் முதல் நாள் அந்த நுண்ணுயிர்கள் ஏறக்குறைய இல்லை. இரண்டு கோல்டுஃபிஷ் நான்கு லிட்டரில் கழிவை விட்டன, ஆறாம் நாள் தாங்கவில்லை. அந்த ஆறு நாளில் கற்களின் மேல் கொஞ்சம் நுண்ணுயிர் ஒட்டத் தொடங்கியிருக்கும். அதைத்தான் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டீர்கள். அடுத்த இரண்டு மீன்களும் மறுபடி முதல் நாள் தண்ணீரில் இறங்கின. போதாததற்குக் கற்களின் இடுக்கில் சோப்பு தங்கியிருந்தால் அதுவும் செவுளைத் தாக்கும். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றியிருந்தால் குளோரின் வேறு. மீன் செத்தால் எல்லாவற்றையும் பளபளவென்று கழுவ வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். சமையல் பாத்திரத்துக்கு அது சரி, மீன் தொட்டிக்கு அதுவே எமன்.

கோல்டுஃபிஷ் கிண்ணத்துக்கு உரிய மீனும் அல்ல. கடையில் விரல் நீளத்தில் இருக்கும் அது ஒழுங்காக வளர்ந்தால் ஒரு சாணைத் தாண்டும், பத்து ஆண்டுக்கு மேல் வாழும். இத்தாலியில் மொன்சா நகரம் 2004-லும் ரோம் நகரம் 2005-லும் உருண்டைக் கிண்ணத்தில் கோல்டுஃபிஷ் வைப்பதையே தடை செய்தன. எந்த மீன் எவ்வளவு வளரும் என்று விற்பவர் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

அப்படியானால் ஃபைட்டர் ஏன் பிழைத்தது? அதன் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கத்து ஆழமில்லாத வயல்களும் சதுப்புகளும். அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் அடிக்கடி குறையும், அதனால் மேலே வந்து காற்றையே விழுங்கிச் சுவாசிக்க அதன் தலைக்குள் தனி உறுப்பு அமைந்திருக்கிறது. தாய்லாந்து 2019-ல் அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம் ஊர் வாய்க்கால்களிலும் இதற்குத் தூரத்து உறவு ஒன்று உண்டு. சுண்டுவிரல் நீள, பழுப்பு நிறச் சிறுமீன். 1831-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்று மீனை வைத்து அதை வருணித்தார். 'குபானஸ்' என்ற அதன் அறிவியல் பெயரில் நம் 'குப்பம்' இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்றைச் சுவாசிக்கத் தெரிந்ததாலும், ஒற்றை மீனின் கழிவு குறைவு என்பதாலும் உங்கள் ஃபைட்டர் தாங்குகிறது. தாங்குவதை நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் செவுளும் அதே அம்மோனியாவில்தான் நனைகிறது.

கோவைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். உங்கள் வீட்டில் அநேகமாக இரண்டு குழாய் இருக்கும், சிறுவாணி அணையிலிருந்து வரும் நல்ல தண்ணீர் ஒன்று, போர் போட்ட உப்புத் தண்ணீர் ஒன்று. சிறுவாணித் தண்ணீர் மிக மென்மையானது. குடிக்க அமிர்தம், ஆனால் தொட்டிக்குள் அதன் பி.எச். அளவை, அதாவது அமில-காரத் தன்மையின் அளவை, பிடித்து நிறுத்தும் உப்புகள் அதில் குறைவு. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அந்த உப்பையே செலவழிப்பதால், நெடுநாள் தண்ணீர் மாற்றாத சின்னத் தொட்டியில் பி.எச். சட்டென்று சரியலாம். உப்புத் தண்ணீரில் நிலைமை தலைகீழ். பி.எச். உயர உயர அம்மோனியா கடுமையாகும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் ஒரு சதவீதம்கூட இல்லை, பி.எச். 8 என்றால் ஏறத்தாழ 5 சதவீதம். ஒரே அளவு கழிவு, ஒன்பது மடங்கு விஷம். நீங்கள் எந்தக் குழாயில் பிடித்தீர்கள் என்று எழுதவில்லை. அது தெரிந்தால் என்னால் இன்னும் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஃபைட்டருக்குச் சிறுவாணித் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். குளிக்கவே மனம் வராத அந்த உப்புத் தண்ணீர், அளவு மீறிப் போகாதவரை, கப்பி, மோலி என்ற சின்ன வண்ண மீன்களுக்குப் பிடித்தமானது. இன்று ஒரு குழாய், நாளை ஒரு குழாய் என்று மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் சுத்தமானதாயிற்றே என்று அதை ஊற்றுபவர்களும் உண்டு. அதில் தாது உப்புகளை வடித்துவிடுகிறார்கள், தனியாக மீனுக்கு அது ஆகாது.

இனி உங்கள் அறைக்கு என்ன பொருந்தும் என்று பார்ப்போம். அந்தத் தண்ணீர் கேன் அளவுக்கு, அதாவது 20 லிட்டருக்குக் குறையாத ஒரு செவ்வகக் கண்ணாடித் தொட்டி ஒற்றை ஃபைட்டருக்குப் போதும். வீடு மாறும்போது ஒருவரே தூக்கலாம். ஒரு சின்ன ஏர் பம்ப், ஒரு பஞ்சு ஃபில்டர். மூன்று வாட் பம்ப் மாதம் முழுக்க இரவு பகலாக ஓடினாலும் இரண்டு யூனிட் மின்சாரத்தைச் சற்றே தாண்டும், ஆகவே மின்கட்டணத்தைச் சொல்லி நண்பர்கள் சண்டை போட வழியில்லை. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் குழாய் வழியே இறங்கிப் பம்புக்குள்ளும் பிளக்குக்கும் வரும். ஃபைட்டர் நீரோட்டத்தை விரும்பாது, எனவே காற்றைக் குறைத்து மெல்ல விடுங்கள். மீன் வாங்கிய கடையில் நெடுநாள் ஓடும் தொட்டியின் பஞ்சைப் பிழிந்து அந்த அழுக்குத் தண்ணீரை ஒரு கவரில் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் ஊற்றுங்கள். முடிந்தால் பஞ்சில் ஒரு துண்டே கேளுங்கள். நுண்ணுயிர் அதில்தான் குடியிருக்கிறது, ஆறு வாரக் காத்திருப்பு இதனால் வெகுவாகக் குறையும். நோயுள்ள தொட்டியாக இருந்தால் நோயும் கூடவே வரும் என்பதால், அந்தத் தொட்டி மீன்கள் சுறுசுறுப்பாக இருக்கின்றனவா என்று ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்த் திரவங்களைப் பற்றி அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்ல மாட்டேன். சில வேலை செய்கின்றன. வெயிலில் நாள்கணக்கில் கிடந்த பாட்டிலில் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கும் என்பது வாங்கி ஊற்றிப் பார்க்கும்வரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறீர்கள் அல்லவா? சனிக்கிழமை இரவே ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள். சோப்பு படாத, மீனுக்கென்றே ஒதுக்கிய பக்கெட். ஒரு நாள் திறந்திருந்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று கேளுங்கள், சோடியம் தயோசல்பேட் அது, நொடியில் குளோரினை முறிக்கும். ஞாயிறன்று தொட்டித் தண்ணீரில் கால் பங்கைக் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுங்கள். பஞ்சு அடைத்திருந்தால், எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழியுங்கள். குழாயடியில் காட்டவே காட்டாதீர்கள். பிறகு புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மொத்தம் கால் மணி நேர வேலை. கிண்ணத்தைக் காலி செய்து கழுவி நிரப்ப நீங்கள் செலவழித்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பல பேர் தங்கும் அறையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நான் படித்த காலத்தில் விடுதி அறையில் ஆறு கப்பி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அறைத்தோழன் மூட்டைப்பூச்சி தாங்காமல் கட்டில் சட்டத்துக்கு மருந்து அடித்தான். சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அடித்தான், தொட்டிப் பக்கம் போகவும் இல்லை. நான் திரும்பி வந்தபோது ஏர் பம்ப் வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தது. அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுவதுதானே அதன் வேலை? மருந்தையும் சேர்த்து இழுத்து விட்டிருக்கிறது. இரண்டு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து துடித்தன, ஒன்று திருகாணிபோல் சுழன்று சுழன்று மேலே வந்தது. இரவுக்குள் ஆறும் போயின. பூச்சி மருந்துகளிலும் கொசு விரட்டிகளிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள் மனிதனை அதிகம் பாதிக்காத அளவிலேயே மீனைக் கொல்லும், இதில் சந்தேகமில்லை. கொசுவர்த்திச் சுருளோ திரவக் கொசு விரட்டியோ அன்றாடம் எரிந்தால் எவ்வளவு தண்ணீரில் சேரும் என்பது அறையின் அளவையும் காற்றோட்டத்தையும் பொறுத்தது. அதனால் தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டுங்கள். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, முடிந்தால் வேறு அறைக்கு மாற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். நண்பர்கள் மூவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் தோழனுக்கு நான் சொல்லி வைக்கவில்லை, அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை.

தீனி விஷயத்திலும் நண்பர்களிடம் பேசியாக வேண்டும். ஃபைட்டரின் வயிறு ஏறக்குறைய அதன் கண் அளவுதான். நாளுக்கு நான்கைந்து சிறு உருண்டைத் தீனி, வாரத்தில் ஒரு நாள் பட்டினி, அவ்வளவே. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு சிட்டிகை போட்டால் மிச்சம் அழுகி அம்மோனியாவாகும். பிரெட் துண்டு போடவே கூடாது, அது பூச்சி தின்னும் மீன். மார்கழி இரவில் கோவையில் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிடும், 24 டிகிரிக்குக் கீழே ஃபைட்டர் மந்தமாகிக் குறைவாக உண்ணும். தொட்டியைச் சன்னலோரத்தில் இருந்து உள்பக்கம் நகர்த்துங்கள். தண்ணீர் 20 லிட்டராக ஆனாலே இரவுக்கும் பகலுக்கும் உள்ள ஏற்ற இறக்கம் தணியும்.

மருந்துக் கடை வைக்காதீர்கள். மீன் வாடினால் உடனே நீல மருந்து, மஞ்சள் மருந்து என்று ஊற்றுவது கடைக்காரர்கள் பழக்கிவிட்டது. முதல் மருந்து, கால் பங்கு தண்ணீரை மாற்றுவது. உடம்பில் உப்புத் தூள் தூவியதுபோல் வெண்புள்ளி வந்தால் மட்டும் மருந்து வேண்டும், அது ஒட்டுண்ணி. மீன் உடம்பில் புதைந்திருக்கும்போது மருந்து அதை எட்டாது, விழுந்து பெருகித் தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது, மேலும் ஐந்தாறு நாள் தொடர வேண்டும்.

அதற்கு உங்களை அடையாளம் தெரிகிறதா? நீங்கள் மேசையருகே வந்தால் அது முன்பக்கம் வந்து நெளிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் வந்தால் தீனி வரும் என்று மீன் கற்றுக்கொள்கிறது, இது நிச்சயம். வில்மீன் என்ற வகை மனித முகப் படங்களைத் தனித்தனியே பிரித்தறிகிறது என்று 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள், ஆனால் அது உங்கள் மீன் அல்ல. உங்களை நண்பனிடமிருந்து பிரித்தறிகிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஒரு வாரம் நீங்கள் மட்டும் தீனி போடுங்கள், பிறகு இருவரும் மாறி மாறிச் சும்மா வந்து நில்லுங்கள். அது பாசமா என்று கேட்டால், அதை அளக்கும் கருவி யாரிடமும் இல்லை. மேற்பரப்பில் நுரைக்கூடு கட்டினால் மீன் மகிழ்ச்சியாக இருக்கிறது என்பார்கள். ஆண் மீன் பருவமடைந்தால் பெண் இல்லாவிட்டாலும், மோசமான தண்ணீரிலும்கூடக் கூடு கட்டும். அதை நம்பித் தண்ணீர் மாற்றாமல் இருந்துவிட வேண்டாம்.

அம்மா சொன்ன பாவத்துக்கு வருகிறேன். டிரவுட் மீனின் தலையில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். நாம் வலி என்று சொல்லும் அனுபவம் மீனுக்கு உண்டா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நான் வலிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் தொழில் செய்கிறேன். அம்மாவின் இரக்கத்தில் குறையே இல்லை. கைராசி என்ற சொல்லை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் அது காரணத்தைத் தேட விடாது. இதே கையால் பஞ்சைப் பிழிந்து தொட்டியில் விட்டால் மீன் பிழைக்கும்.

படிப்பு முடிந்து ஊரைவிட்டுப் போகும்போது மீனை ஏரியில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். தொட்டி சுத்தம் செய்யும் என்று விற்ற அமெரிக்கக் கண்டத்து முட்கெளுத்தி, இப்படி யாரோ விட்டதால்தான் தமிழ்நாட்டு ஏரிகளிலும் கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்திலும் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. ஜூனியர் ஒருவருக்குத் தொட்டியோடு கொடுங்கள்.

பொங்கலுக்கு ஐந்து நாளோ ஒரு வாரமோ போனால் தீனி போட யாரும் தேவையில்லை. நலமாக உள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். அளவு தெரியாதவர் அன்போடு போடும் தீனியில் தாங்காது. கிளம்புவதற்கு முந்தின நாள் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், அன்று தீனியைக் கூட்டிப் போடாதீர்கள், பம்ப் ஓடட்டும். செமஸ்டர் விடுமுறைபோல் மூன்று நான்கு வாரம் என்றால் உள்ளூர் நண்பர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். நாள் ஒன்றுக்கு ஒரு பொட்டலமாகத் தீனியை மடித்து, தேதி எழுதி, டப்பாவை உங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பொட்டலங்களை மட்டும் கொடுங்கள். புறப்படும்போது மூடியை ஒரு முறை பாருங்கள். விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அடைத்துவிடுங்கள், காற்றுக்குக் குண்டூசித் துளைகள் போதும். ஃபைட்டர் குதிக்கும்.